பேடு உட்காரும் வரை

முழுதாக நிறுத்தக் கூடாது, அது மட்டும் கூடாது, முப்பதுக்கு வந்ததும் காலை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டேன், முன்னால் குனிந்திருந்த கார் நிமிர்ந்து மறுபடி ஓடத் தொடங்குகிறது, இனி மறுபடி நூறு, நூற்றுப் பத்து, பிறகு மறுபடி அழுத்தல். ரோடு காலி. தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ரோடு மட்டும் போட்டுவிட்டு எந்தக் கம்பெனியும் வராத இடம், இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, ஒன்றிலும் விளக்கு இல்லை, கோடி வரை போனால் கட்டி முடிக்காத மேம்பாலத்துக்கான ஏற்றம், இந்தக் கோடியில் ஒரு ரவுண்டானா, நடுவில் நான் புது பிரேக் பேடு போட்ட ஒரு காரோடு போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறேன். இந்தக் காரின் பிரேக் தட்டுகள் இரும்பு இல்லை, கார்பன் கலந்த செராமிக், சாம்பல் நிறத்தில் கருங்கல்லைப் பாலிஷ் போட்டது போல இருக்கும், அதன் மேல் புது பேடை மாட்டி அப்படியே வண்டியைக் கொடுத்துவிட முடியாது, வேகத்தை ஏற்றி அழுத்தி, ஏற்றி அழுத்தி, சூடு ஏற ஏறப் பேடு தன்னிலிருந்து மெல்லிய பூச்சு ஒன்றைத் தட்டின் மேல் படியவிட வேண்டும், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதற்குப் பேடு உட்கார வைப்பது என்று பெயர், உட்கார்ந்துவிட்டால் பிறகு சாகும்வரை பிடிக்கும், உட்காராவிட்டால் என்றைக்கு வழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் சூட்டோடு நின்றுவிட்டால் பேடு அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அச்சு விழும், அந்த அச்சு போகாது, தட்டையே மாற்ற வேண்டியதுதான். சூப்பர்வைசர் கௌசல்யா மேடம் ஒரு தட்டின் விலையைச் சொன்னபோது வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எழில், சூடா இருக்கறப்ப நிக்கவே கூடாது, எரும மாடு குறுக்க வந்தாலும் சுத்திப் போ, நிக்காத." எருமை வந்தால் சுற்றிப் போகலாம். எனக்குள்ளே குறுக்கே வந்து நிற்பதை எப்படிச் சுற்றிப் போவது?

இடது முன் சக்கரம். அந்தச் சக்கரத்தின் ஐந்தாவது போல்ட்டை முறுக்கினேனா? முறுக்கியிருப்பேன். முறுக்காமல் எப்படி எழுந்து வந்திருப்பேன், ஆனால் முறுக்கியது கண்ணில் வரவில்லை, நான்காவது வரை வருகிறது, ரெஞ்சின் கைப்பிடி உள்ளங்கையில் அழுந்துவதும் வருகிறது, அதற்கப்புறம் அம்மாவின் குரல் வருகிறது. அம்மா போன் செய்தாள். "கண்ணு, சாப்புட்டயா?" "வேலைல இருக்கம்மா." "வேலைல இருந்தா சாப்புடக் கூடாதா, இட்லி கெடைக்குதா அங்க?" கிடைக்கிறது, கிடைக்கிறது என்று கத்தினேன், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் சொன்னதில் பாதி கேட்கவில்லை, வைத்துவிட்டுத் திரும்பியபோது ரெஞ்ச் தரையில் கிடந்தது, எடுத்தேன், எடுத்து? ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் டார்க் ரெஞ்ச் கைக்குள் ஒரு சொடக்குப் போடும், முறுக்குகிறவன் உடனே "ஒண்ணு டக்" என்று கூவ வேண்டும், கூட இருப்பவன் எங்கே எந்த வேலையில் இருந்தாலும் "டக்" என்று பதில் கூவ வேண்டும், அடுத்து "ரெண்டு டக்", பதில் "டக்". வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது, நான்கு வருஷம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஏலம் விடுகிறவன் மாதிரி கூவுவதா என்று வாய்க்குள்ளேயே சொல்வேன், கூட வேலை செய்யும் ஜாபர் விடமாட்டான், "கேக்கல, மறுபடி சொல்லு மாப்ள" என்பான், பிறகு பழகிவிட்டது. இன்றைக்குப் பாதி வேலையில் ஜாபர் டீ வாங்கப் போய்விட்டான். தனியாக எவன் கூவுவான்? கூவவில்லை. கூவியிருந்தால் என் குரலாவது ஞாபகம் இருக்கும்.

நூறு. அழுத்துகிறேன். பக்கத்து சீட்டில் மரியதாஸ் அண்ணன் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொள்கிறார். இவர் இந்தக் காரின் முதலாளி வீட்டு டிரைவர், வீட்டுப் பெரிய வண்டியைத்தான் ஓட்டுவார், இந்த வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்ததே இல்லையாம், ஆனால் வண்டி வெளியே போனால் அவர் கூடவே போக வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. "இன்னா இன்ஜினீயரே, காசு குடுத்து வாங்குன வண்டிய இப்டிப் போட்டு அடிக்கிறீங்க?" "உட்கார வைக்கிறோம் அண்ணே." "நீங்க உக்கார வைக்கிறதுக்குள்ள நான் படுத்துருவேன் போல." கொஞ்ச நேரம் முன்பு வரை அவர் பேச்சில் எனக்குத் தைரியம் இருந்தது. எங்கள் முதலாளி இந்தக் காரில் கோயிலுக்குக் கூடப் போகமாட்டார், வழியில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கருக்குப் பயந்து சாமியை வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்வார் என்று சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், அப்போது இந்தப் போல்ட் நினைப்பு வந்திருக்கவில்லை. எப்போது வந்தது? பேடு வாசனை முதலில் வந்தபோது. கருகிய கடுகோடு ரப்பரும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி, அது வரத்தான் செய்யும், வர வேண்டும், பேடில் இருக்கும் பசை எரிகிறது, அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாத்தையும் சரியா மாட்டுனீங்கதானே?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். மாட்டினோம் என்றேன். வாய் சொன்ன அதே நொடியில் மனம் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை சுற்றி வந்தது, பின் சக்கரங்களில் நிற்கவே இல்லை, அங்கே ஜாபரின் குரல் தெளிவாக இருக்கிறது, ஒண்ணு டக் டக், ரெண்டு டக் டக், முன் வலதும் சரி, முன் இடதுக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது.

ரவுண்டானாவைச் சுற்றித் திரும்புகிறேன், பிரேக் தொடாமல், மெதுவாக. மறுபடி நேர் ரோடு. எண்பது, நூறு, நூற்றிருபது வரை போ, அழுத்து. அழுத்துகிறேன், பிடிக்கவில்லை. கால் உள்ளே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கார் நிற்கிற எண்ணமே இல்லாமல் ஓடுகிறது, தூரத்தில் மண்மேடு, மண்மேட்டின் மேல் ஒரு ஆடு, ஆட்டின் தாடி வரை தெரிகிறது, இன்னும் அழுத்து, அண்ணன் "ஏசுவே, ஏசுவே" என்கிறார், எனக்குக் கூப்பிட யாரும் நினைவுக்கு வரவில்லை, பிறகு எங்கிருந்தோ பிடிமானம் வந்து கழுத்தை முன்னால் தள்ளுகிறது, எழுபது, ஐம்பது, முப்பது, காலை எடு, எடுத்துவிட்டேன். இதுவும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் பெருஞ்சூட்டில் புது பேடு ஒருமுறை கைவிடும், பிறகு திரும்ப வரும், அதன் பிறகு விடாது. கைவிடுவதும் வேலையில் ஒரு பகுதிதான். இதை வகுப்பில் கேட்டிருந்தால் எழுதி வைத்திருப்பேன், நூற்றிருபதில் கேட்டால் காது அடைத்துக்கொள்கிறது. "இது நார்மல் அண்ணே" என்கிறேன். "நார்மலா? எம்பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம சர்ச்சுல புதுநன்மை, மொத தபா அப்பம் வாங்கப் போறா, இன்னிக்கு சாயங்காலம் டெய்லர்கிட்டருந்து வெள்ள கவுன வாங்கணும், நான் போலன்னா அவங்கம்மாவுக்கு அந்தக் கட எங்கன்னு கூடத் தெரியாது, அத்த நெனச்சுக்கினு ஓட்டு தம்பி." இன்ஜினீயர் போய்த் தம்பி ஆகிவிட்டேன். ஒரு வெள்ளைக் கவுன் காருக்குள் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பெண் எத்தனை உயரம் இருப்பாள், முழங்கை வரை லேஸ் வைத்திருப்பார்களா, எனக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் இன்னும் பயம்.

பேடு கைவிட்டது நார்மல் என்றால் இந்த உறுமல்? அதுவும் நார்மல், புது பேடு உறுமும். இந்த அதிர்வு? அதைத்தான் சொல்ல முடியவில்லை. முன் சக்கரம் ஆடினால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் ஆடினால் சீட்டில் தெரியும், இது சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட பாடம், ஆகவே ஸ்டியரிங்கையே கவனிக்கிறேன், விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு கவனிக்கிறேன், ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. என் தொடை நடுங்குகிறது. இரண்டு தொடையும் நடுங்குகின்றன, இதை வைத்துக்கொண்டு வேறெந்த அதிர்வை நான் கண்டுபிடிப்பது? குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி ஓடும், அப்பாவும் அதில் ஒரு தறியில் நிற்பார், சுவர், பாத்திரம், என் பரீட்சைப் பேப்பர் எல்லாம் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும், சத்தம் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், நின்றால்தான் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்குப் போவாள், நூல் அறுந்ததா, கரண்ட் போனதா, யாருக்காவது கை போனதா என்று. அதிர்வை வைத்துப் பயப்பட எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கல்லூரிக்குப் போன முதல் இரவு ஹாஸ்டல் கட்டில் ஆடாமல் இருந்ததால் தூக்கம் வரவில்லை. அம்மா தெருவில் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரியும், பையன் கார் கம்பெனியில் இன்ஜினீயர், அவன் கையெழுத்துப் போட்டால்தான் கார் வெளியே போகும். என் கையெழுத்து எங்கேயும் இல்லை. ஆனால் இன்றைக்கு இந்தக் கார் வெளியே வந்தது நான் "எல்லாம் ஓகே மேடம்" என்று சொன்னதால்தான், ஆகவே அவள் சொன்னது பொய் இல்லை, அதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவர் சொல்லை நம்பி இன்னொருவர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனதில்லை.

சரி, நிதானமாக யோசி. போல்ட் முறுக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நான்கு போல்ட் பிடித்திருக்கும். ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கும் தனியாக இழுபடும், ஒவ்வொரு பிரேக்குக்கும் இழுபடும், நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான், உலகத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நிறுத்திப் பார். டார்க் ரெஞ்ச் முன்பக்க டிக்கியில்தான் இருக்கிறது, இந்தக் காருக்கு இஞ்சின் பின்னால், எல்லாம் முடிந்து சூடு ஆறிய பிறகு ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. எல்லாம் முடிந்து. சூடு ஆறிய பிறகு. இப்போது நிறுத்தினால் அச்சு விழும், நான்கு தட்டிலும் விழும், ஏன் நிறுத்தினாய் என்று மேடம் கேட்பார், போல்ட் முறுக்கினேனா என்று சந்தேகம் வந்தது மேடம், சந்தேகமா, எழில், முறுக்கினியா இல்லையா? முறுக்கித்தான் இருந்தது மேடம். அப்போது என்ன ஆகும்? ஒன்றும் இல்லாததற்கு நான்கு தட்டைக் கெடுத்தவன். நிறுத்தாமல் போனால்? ஒன்றும் ஆகாமலே போகலாம். பெரும்பாலும் ஆகாது. பெரும்பாலும் என்ற சொல்லை நான் எத்தனை பரீட்சையில் நம்பியிருக்கிறேன், இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. வெள்ளைக் கவுன். நூறு வந்துவிட்டது, கால் பிரேக்குக்குப் போகிறது, போகாதே, போகவில்லை. கால் நடுவழியில் நிற்கிறது. ஆக்சிலேட்டரிலும் இல்லை, பிரேக்கிலும் இல்லை. கார் தானாக ஓடுகிறது. "இன்னா தம்பி, இந்தத் தபா அடிக்கலியா?" அப்போதுதான் எதிரே அந்த மேம்பால ஏற்றம் கண்ணில் படுகிறது. அத்தனை முறை பார்த்திருக்கிறேன், அதற்கு முன்பே திரும்பியிருக்கிறேன். ஏற்றம். பிரேக்கே தொடாமல் ஏற்றத்தில் விட்டால் கார் தன்னால் நிற்கும், நிற்கிற நொடியில் கியரைப் பார்க்கில் போட்டுவிட்டால் பேடு தட்டை அழுத்தவே வேண்டாம், அச்சு விழாது, அல்லது குறைவாக விழும், தெரியாது, தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

"அண்ணே." "சொல்லு." "முன்னாடி ஒரு போல்ட்… முறுக்குனேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல." சொல்லிவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன், எழுபது, அறுபது. "எப்பலேர்ந்து ஞாபகம் இல்ல?" "கொஞ்ச நேரமா." "கொஞ்ச நேரமா அத்த வெச்சுக்கினுதான் இந்த அடி அடிச்சியா?" "ஆமாண்ணே." திட்டுவார் என்று காத்திருக்கிறேன், திட்டினால் நன்றாக இருக்கும். அவர் டேஷ்போர்டிலிருந்து கையை எடுக்கிறார், எடுத்த இடத்தில் இரண்டு உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்திருக்கின்றன. "எனக்கு அப்பவே உதறல் எடுத்துச்சுபா. எறக்கி வுட்ருன்னு கேக்கலாம்னு பாத்தேன். இத்தினி வருசம் வண்டி ஓட்டுறவன் பயந்தான்னு மொதலாளிகிட்ட நீ போய் சொல்லிட்டின்னா? வாய மூடிக்கினேன்." ஏற்றம் வந்துவிட்டது. கார் ஏறுகிறது, நாற்பது, முப்பது, அந்த முப்பதில் காலை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, ஏற்கெனவே எடுத்தாயிற்று, இருபது, பத்து, பாதி கட்டிய தூண்களுக்கு இடையே வானம் மட்டும் தெரிகிறது, கார் யோசிப்பது போல ஒரு நொடி நிற்கிறது, பார்க்கில் போட்டேன், லேசாகப் பின்னால் உட்கார்ந்து நின்றது. அண்ணன் இறங்கி ஓடிப் போய் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நானும் இறங்கினேன். நான்கு சக்கரத்திலிருந்தும் சூடு அலை அலையாக எழும்பியது, உள்ளே எங்கோ டிக், டிக் என்று ஏதோ சுருங்கும் சத்தம். டிக்கியைத் திறந்து ரெஞ்சை எடுத்தேன், இறுக்க அளவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன். "அண்ணே, நான் டக்குன்னு சொன்னா நீங்களும் டக்குன்னு சொல்லணும்." "இன்னாத்துக்கு?" "சொல்லுங்கண்ணே."

இடது முன் சக்கரம். அனல் முகத்தில் அடிக்கிறது. ஒண்ணு டக். "டக்கு" என்றார் அண்ணன். ரெண்டு டக். "டக்கு." மூணு டக், நாலு டக், அவருடைய குரல் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகிறது, மேம்பாலத்தின் கீழ் எதிரொலிக்கிறது, ஐந்தாவதில் ரெஞ்சை வைக்கிறேன், இழுக்கிறேன். டக். உடனே, போல்ட் இம்மியும் திரும்பாமல், டக். முறுக்கித்தான் இருக்கிறேன். எழுந்து நின்றேன். சிரிப்பு வந்தது, அவமானமும் கூடவே வந்தது, இதற்காகவா, மேடத்திடம் என்ன சொல்வது, பாதியில் நின்ற வேலையை மறுபடி முதலிலிருந்து, ரெஞ்சைத் துடைத்து டிக்கிப் பக்கம் திரும்பினேன். "மத்த மூணு?" என்றார் அண்ணன். "அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குண்ணே." "இதுவும் நீ முறுக்குனதுதானே, இது ஞாபகம் இல்லியே? நான் திரும்ப உள்ள ஏறணும்னா நாலையும் பாரு. இல்லாட்டி நான் நடந்தே போறேன்." வலது முன். ஒண்ணு டக், டக்கு, ஐந்தும் சரி. இடது பின், ஐந்தும் சரி. வலது பின் சக்கரத்துக்கு வந்து மண்டியிட்டபோது கார் நின்ற விதத்தை நினைத்துப் பார்த்தேன், வேறெதற்கும் இல்லை, சும்மாதான் நினைத்தேன், ஒர்க்‌ஷாப்பில் கார் வாசலைப் பார்த்து நின்றது, முன் சக்கரங்கள் வெயிலில், பின் சக்கரங்கள் உள்ளே சுவரோரம், கம்ப்ரஸர் இருப்பது பின் சுவரில். வலது மூலையில், இந்தச் சக்கரத்தை ஒட்டி. அம்மா பேசும்போது நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஜாபர் பதில் கூவியது நேற்று, வேறொரு காருக்கு. ஒண்ணு டக். "டக்கு." ரெண்டு டக். "டக்கு." மூன்றாவதில் ரெஞ்சை வைத்து இழுத்தேன், அது சத்தமே இல்லாமல் திரும்பியது, கால் சுற்று, அரைச் சுற்று, இன்னும் திரும்பியது. அண்ணன் வாயைத் திறந்துகொண்டு என் குரலுக்காகக் காத்திருந்தார். தொடையைத் தொட்டுப் பார்த்தேன். அது நடுங்கவில்லை. கார் நின்று, சீட் ஆடுவது நின்றதிலிருந்தே நடுங்கவில்லை.